மூணு வருஷ மாத்திரை முடிஞ்சது, அடுத்து என்னன்னு கேட்டா

"சரியாயிடுச்சா?"ன்னு கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னும் எனக்குப் பிடிபடல. ஆமான்னு சொன்னா, நான் மெடிக்கல்ல மாத்திரை வாங்கறத பாத்துட்டு அப்புறம் இது எதுக்குங்கறாங்க. இல்லன்னு சொன்னா அவங்க மூஞ்சி அப்படியே தொங்கிப் போயிடுது, கையப் புடிச்சிக்கிட்டு "மாரியம்மா இருக்கா"ன்னு ஆரம்பிக்கறாங்க, கடைசில நான்தான் அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து தேத்தி அனுப்பணும். அதனால இப்பல்லாம் "பரவால்லங்க, ஓடுது"ன்னு சொல்லிட்டு பேச்ச மாங்கா ரேட்டுக்குத் திருப்பிடறேன். கிருஷ்ணகிரி பக்கம் மே மாசம் ஆச்சுன்னா மாங்கா ரேட்டுன்னு எடுத்தா போதும், கேன்சர் என்ன, எமனே வந்து நின்னாலும் மறந்துட்டு மாம்பழக் கூழ் எடுக்கற பல்ப் ஃபேக்டரிக்காரன திட்ட ஆரம்பிச்சிருவாங்க.

எனக்கு காவேரிப்பட்டணத்துல மோட்டார் காயில் கட்டற கடை. போர் மோட்டாரு, கிணத்து மோட்டாரு, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வரும். எனக்கு வந்திருக்கிற வியாதிக்குப் பேரு ஜிஸ்ட். வயித்துலயோ குடல்லயோ உள்பக்க தோல்ல வராம அந்த சுவத்துக்குள்ள வர்ற கேன்சர் கட்டி. குடல் சாப்பாட்ட ஒரே தாளத்துல தள்ளிக்கிட்டே போகுதுல்ல, அந்த தாளத்த போடறதுக்குன்னே சுவத்துல சில செல்லு இருக்கு, ஸ்பெயின் நாட்டு கஹால்ங்கற விஞ்ஞானி பேர அதுக்கு வெச்சிருக்காங்க, 1906ல நோபல் வாங்குனவரு. அந்த செல்லு வகையில இருந்துதான் இந்த கட்டி கிளம்புதாம். வெளிநாட்டுக் கணக்குப்படி பத்து லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 10, 15 பேருக்கு வரும்ங்கறாங்க. 2011 கணக்கெடுப்புல எங்க மாவட்டமே கிட்டத்தட்ட 19 லட்சம், அப்படிப் பாத்தா வருஷத்துக்கு இருவது பேராவது இங்க இருக்கணும். நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் பாத்ததில்ல. மார்புல வந்தவங்க, வாய்ல வந்தவங்க, கர்ப்பப்பைல வந்தவங்கன்னு தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க, அவங்கவங்களுக்குள்ள பேசிக்கறாங்க, "உனக்கு எத்தன கீமோ சைக்கிள், எனக்கு ஆறு"ன்னு. எனக்கு அந்த பேச்சுல கலந்துக்க ஒண்ணுமே இல்ல.

வியாதி தெரிய வந்த கதைய சுருக்கமா சொல்லிடறேன். ரொம்ப நாளா அசதி. படி ஏறுனா மூச்சு வாங்கும், கடையில ஸ்டேட்டர தூக்கி மேடைல வெக்க முடியாது, பையன கூப்புடுவேன். மலம் கருப்பா போச்சு, நான் இரும்புச் சத்து மாத்திரையால இருக்கும்னு நெனச்சேன், மாத்திரை குடுத்த டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு. அவருக்கு முன்னாடி இன்னொருத்தர் கேஸ்னாரு, இன்னொருத்தர் மூலம்னாரு. ஹீமோகுளோபின் ஆறுக்கு எறங்கி ரத்தம் ஏத்துனதுக்கு அப்புறம் எண்டோஸ்கோபி எடுத்தாங்க, வயிறு சுத்தமா இருக்குன்னு வந்துச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்த டியூப் வாய் வழியா போயி சிறுகுடல் ஆரம்பத்தோட நின்னுடுமாம், கட்டி அதையும் தாண்டி உக்காந்திருக்குது. கடைசியா சிடி எடுத்தப்போதான் ஒன்பது சென்டிமீட்டர்னு தெரிஞ்சது. யார் மேலயும் எனக்கு கோவம் இல்லன்னு சொன்னா அது பொய், ஆனா அந்த எடத்துல ஒளிஞ்சிருக்கிறத கண்டுபிடிக்கறது சுலபம் இல்லன்னு இப்ப புரியுது.

அதுக்கப்புறம் எங்க போறதுன்னு ஆளாளுக்கு ஒரு ஊரு சொன்னாங்க. அடையாறு போன்னு மச்சான், வேலூர் சிஎம்சின்னு பெரியம்மா, பெங்களூர் கித்வாய்னு ஓசூர்ல இருக்கிற தம்பி. பஸ்சுல ரெண்டு மணி நேரம்ங்கற ஒரே காரணத்துக்காக நாங்க பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதுல ஒரு வேடிக்கை, ரயில்ல கேன்சர் நோயாளிக்கும் கூடப் போறவங்களுக்கும் டிக்கெட்ல சலுகை உண்டு, எங்க கிருஷ்ணகிரிக்கு ரயிலே கெடையாது. மாவட்டத் தலைநகரம், ஸ்டேஷன் இல்ல. தர்மபுரிக்காரங்க பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்னு ஜன்னல் ஓரமா போறாங்க, நாங்க டோல்கேட் க்யூவுல நிக்கறோம்.

ஆபரேஷன்ல குடல்ல ஒரு பாகத்த வெட்டி எடுத்து திரும்ப ஜாயின்ட் பண்ணாங்க. நல்லா எடுத்துட்டோம், ஓரம் எல்லாம் க்ளியர்னு சர்ஜன் சொன்னதும் என் வீட்டுக்காரம்மா அங்கேயே சாமிக்கு முடி காணிக்கை வேண்டிக்கிட்டா. அப்புறம் பயாப்சி ரிப்போர்ட்டு வந்து எல்லாத்தையும் குழப்பிடுச்சு. இந்த கட்டியில கெட்டது நல்லதுன்னு ரெண்டா பிரிக்கறதில்ல, ரிஸ்க்குன்னுதான் போடுவாங்க. எவ்ளோ பெருசு, எந்த எடத்துல இருந்தது, மைக்ராஸ்கோப்புல பாத்தா எத்தன செல்லு பிரிஞ்சிக்கிட்டிருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடியோ அப்பவோ கட்டி ஒடைஞ்சதா, இதையெல்லாம் கூட்டிப் பாத்து லோ, இன்டர்மீடியட், ஹைன்னு. வயித்துல இருந்தா கொஞ்சம் தேவல, சிறுகுடல்னா அதே அளவுக்கு ரிஸ்க் கூட. எனக்கு ஹை ரிஸ்க்குன்னு வந்தது. கட்டி இப்ப ஒடம்புல இல்ல, ஆனா திரும்ப வர வாய்ப்பு அதிகம், எப்போன்னு தெரியாது, வராமயே கூட போகலாம். இதத்தான் டாக்டர் சொன்னாரு. அவரு நல்ல மனுஷன், தமிழ் தெரிஞ்சவரு, படம் போட்டெல்லாம் காமிச்சாரு. படம் தெளிவா இருந்துச்சு, பதில்தான் இல்ல.

சாதாரண கீமோவும், கரண்டுன்னு சொல்ற ரேடியேஷனும் இதுக்கு பெருசா கேக்காதாம். 2000க்கு முன்னாடி வெட்டி எடுக்கறத தவிர வேற வழியே இல்லாத கேசு இது. 1998ல ஜப்பான்காரங்க இந்த கட்டியில கிட்டுங்கற ஜீன் கெட்டுப்போயி செல்லு நிக்காம வளர சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த சமயம் ரத்தப் புற்றுநோய்க்காக இமாட்டினிப்னு ஒரு மாத்திரை சோதனையில இருந்துச்சு, அது இந்த சிக்னலையும் நிறுத்தும்னு தெரிஞ்சு 2000ல பின்லாந்துல ஹெய்க்கி யோன்சூங்கற டாக்டர் ஒரு அம்மாவுக்கு மொதமொதலா குடுத்துப் பாத்தாரு. கட்டி சுருங்கிடுச்சு. அதுல இருந்துதான் என்ன மாதிரி ஆளுங்களுக்கு கதையே மாறுச்சு. இதெல்லாம் என் பொண்ணு போன்ல படிச்சு சொன்னது, அவ ஓசூர்ல காலேஜ் படிக்கறா, அவளுக்கு ஜீனு கீனு எல்லாம் புரியுது.

அந்த மாத்திரைதான் எனக்கும், 400 மில்லிகிராம், தினம் ஒண்ணு. எனக்கு அந்த ஜீன்ல எந்த எடத்துல கோளாறுன்னு தனியா டெஸ்ட் பண்ணாங்க, எக்ஸான் 11ன்னு வந்தது, மாத்திரைக்கு நல்லா கேக்கற வகையாம். கேக்காத வகையும் இருக்கு, ரெண்டு மடங்கு டோஸ் தேவைப்படற வகையும் இருக்கு. விலைய பத்தி ஒண்ணு சொல்லணும். ஒரு காலத்துல கம்பெனி மாத்திரை மாசத்துக்கு 1.2 லட்சம் ரூபா, நம்ம நாட்டு ஜெனரிக் எட்டாயிரம் பத்தாயிரம். அந்த கம்பெனி பேடன்ட் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி கோர்ட்டு முடியாதுன்னு சொல்லிருச்சு. அன்னிக்கி பேப்பர்ல அது வந்தப்போ நான் பாத்திருப்பேன், பாத்துட்டு அதே பேப்பர கிழிச்சு போல்ட் நட்டு மடிச்சுக் குடுத்திருப்பேன். அந்த தீர்ப்பு வேற மாதிரி வந்திருந்தா இந்த மூணு வருஷத்துல கடையும் வீடும் போயிருக்கும்.

இப்ப இந்த மாத்திரையோட வாழறது எப்படின்னு கேட்டா, முடி கொட்டாது. அதுதான் பிரச்சன. கேன்சர்னா மொட்டத் தலை, எலும்பும் தோலும்னு எல்லாரும் மனசுல ஒரு படம் வெச்சிருக்காங்க. நான் அதுல அடங்கல. காலைல எழுந்தா கண்ணு ரெண்டும் வீங்கி இருக்கும், ராத்திரி பூரா குடிச்சவன் மாதிரி, பத்து மணிக்கு மேல வடியும். ராத்திரி கெண்டக்கால் சதை சுண்டி இழுக்கும் பாருங்க, தூக்கத்துல கத்திக்கிட்டே எழுந்து கால தரையில ஊனி நிப்பேன், வீட்டுக்காரம்மா எழுந்து வந்து கட்டை வெரல மேல பாத்து வளைச்சுப் புடிப்பா, ஒரு வார்த்தை பேசமாட்டா, சதை விட்டதும் போய் படுத்துக்குவா. வெறும் வயித்துல போட்டா கொமட்டிக்கிட்டு வரும், அதனால மத்தியானம் களி தின்னுட்டு பெரிய சொம்பு தண்ணியோட போடறேன். களியும் காராமணி குழம்பும் உள்ள இருந்தா மாத்திரை சத்தம் போடாம எறங்கிடும், இத எந்த டாக்டரும் சொல்லல, நானா கண்டுபுடிச்சது.

இதுல உச்சம் என்னன்னா கலரு. அந்த ஜீனு தோல் நெறத்துக்கும் தேவையாம், மாத்திரை அதையும் சேத்து அடக்கறதுனால நம்மள மாதிரி கருப்பா இருக்கறவங்களுக்கு நெறம் வெளுக்கும். நான் நல்லா தார் ரோடு கணக்கா இருந்த ஆளு. ஒரு வருஷத்துல கோதும நெறத்துக்கு வந்துட்டேன். மாதேப்பட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போனா அத்தை ஒருத்தங்க தாடைய புடிச்சு திருப்பிப் பாத்துட்டு, "என்னா மாப்ள, வியாதி வியாதின்னாங்க, செவப்பாயிட்டு மாப்ள மாதிரி ஜம்முனு கீறியே"ங்கறாங்க. பக்கத்துல இருந்தவன் என்னா க்ரீம்ணான்னு கேட்டான். அவனுக்கு மாத்திரை பேர எழுதிக் குடுத்திருந்தா வெலைய பாத்துட்டு கருப்பே தேவலன்னு போயிருப்பான்.

அடுத்து, எதனால வந்துச்சுங்கற விசாரணை. பீடியா, தண்ணியா, வார்னிஷ் வாசனையா, பரோட்டாவா, பிளாஸ்டிக் கவர்ல சாம்பார் வாங்குனியா. இந்த கட்டிக்கு பெரும்பாலும் பரம்பரையும் காரணமில்ல, பழக்கவழக்கம் எதையும் காரணம்னு இதுவரைக்கும் நிரூபிக்கல, ஏதோ ஒரு செல்லுல அந்த ஜீனு தானா கெட்டுப்போகுது, அவ்வளவுதான். இத சொன்னா யாருக்கும் திருப்தி இல்ல. ஏன்னா காரணம் இல்லாம வரும்னா அவங்களுக்கும் வரலாம்ல. நான் ஏதாவது தப்பு பண்ணிருக்கணும், அதுதான் ஊருக்கு நிம்மதி. பெரியம்மா மட்டும் எதுவும் கேக்கல, நெல்லிக்கா ஜூஸ் போட்டு பாட்டில் பாட்டிலா அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. தகடூர் மண்ணுல பொறந்தவங்க, விடுவாங்களா, அதியமான் அவ்வைக்குக் குடுத்தாரு, பெரியம்மா எனக்குக் குடுத்தாங்க. டாக்டர்கிட்ட கேட்டேன், நெல்லிக்கா சாப்பாட்டு அளவுல பரவால்ல, ஆனா கஷாயம், லேகியம், பொடின்னு எது வந்தாலும் மொதல்ல எனக்கு காமி, சிலது இந்த மாத்திரை ரத்தத்துல இருக்கிற அளவையே ஏத்தி எறக்கிடும்னாரு. அதனால ஒரு அலமாரி பூரா பிரிக்காத பொடி டப்பா இருக்கு, குடுத்தவங்க வந்தா தெரியற மாதிரி முன்னாடி அடுக்கி வெக்கறது.

ஸ்கேன பத்தி சொல்லாம இத முடிக்க முடியாது. சில மாசத்துக்கு ஒருக்கா சிடி. அதுக்கு முன்னாடி கிரியாட்டினின் பாப்பாங்க, கிட்னி தாங்குமான்னு. ஊசி வழியா ஸ்கேனுக்கான மருந்து ஏறும்போது தொண்டையில இருந்து ஒரு சூடு எறங்கி அடிவயித்துக்கு வரும், ஒண்ணுக்கு போயிட்டமோன்னு பதறும், போயிருக்க மாட்டோம். "மூச்ச இழுத்துப் புடி, விடு"ன்னு மெஷின் கன்னடத்துல சொல்லும், எனக்கு கன்னடம் நல்லா வரும், இருந்தாலும் அந்த நேரத்துல மட்டும் புரியாது. அதுல ஒரு தடவ ரிப்போர்ட்டுல கல்லீரல்ல ஆறு மில்லிமீட்டர்ல ஒரு புள்ளின்னு போட்டிருந்தாங்க, பக்கத்துல "டூ ஸ்மால் டு கேரக்டரைஸ்". இன்னதுன்னு சொல்ல முடியாத அளவுக்கு சின்னதுன்னு அர்த்தம். ஜிஸ்ட் திரும்ப வந்தா அதிகமா கல்லீரல்லயோ வயித்துக்குள்ள சவ்வுலயோதான் வரும்னு எனக்கு ஏற்கனவே தெரியும், தெரியாம இருந்திருந்தா தேவல. டாக்டர் பாத்துட்டு, "இது தண்ணி கட்டியா இருக்கலாம், நெறைய பேருக்கு இருக்கும், அடுத்த ஸ்கேன்ல பாப்போம்"னாரு. அடுத்த ஸ்கேன் மூணு மாசம் கழிச்சு.

அந்த மூணு மாசம் நான் எப்படி இருந்தேன்னு எழுத வரல. கடைக்குப் போனேன், காயில் கட்டுனேன், சுத்து எண்ணிக்கை தப்பாம கட்டுனேன், அது ஆச்சரியம்தான். சாயங்காலமானா வலது பக்க விலா எலும்புக்கு கீழ கைய வெச்சு அழுத்திப் பாப்பேன், ஆறு மில்லிமீட்டர் கையில தட்டுப்படாதுன்னு தெரியும். மூணு மாசம் கழிச்சு அதே ஆறு மில்லிமீட்டர். அதுக்கடுத்த ஸ்கேன்லயும் அதே. "மாறல, அதனால கவலப்படாத"ன்னாரு. அந்த புள்ளி இன்னும் ரிப்போர்ட்டுல ஒரு வரியா வந்துக்கிட்டுதான் இருக்கு, நானும் மொதல்ல அந்த வரிய தேடிப் படிச்சிட்டுதான் மேல போறேன்.

ஒருநாள் அவர்கிட்ட நேராவே கேட்டேன், சார், எத்தன வருஷம்னு ஒரு நம்பர் சொல்லுங்க, நான் அதுக்கு தக்கன பிளான் பண்ணிக்கறேன்னு. அவரு சிரிக்கல, கோவப்படவும் இல்ல, நீ என்ன தொழில் பண்றன்னு கேட்டாரு. சொன்னேன். கஸ்டமர் வந்து இந்த மோட்டார் எத்தன வருஷம் ஓடும்னு கேட்டா என்ன சொல்லுவன்னாரு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஏன்னா தெனம் கேக்கற கேள்வி அது. ஆயிரம் அடி போர்ல எறக்கற மோட்டாரு, தண்ணி வருமா வராதா தெரியாது, வோல்டேஜ் எப்படி இருக்கும் தெரியாது, மெக்கர் வெச்சுப் பாத்தா ரீடிங் நல்லா இருக்குண்ணா, நல்ல கம்பி போட்டிருக்கேன், வார்னிஷ் நல்லா காய வெச்சிருக்கேன், இதுக்கு மேல கேரண்டி கேக்காதீங்கண்ணான்னுதான் நானும் சொல்லுவேன். சொல்லிட்டு காசு வாங்கி டப்பால போட்டுக்குவேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்னு அதே பதில கேக்கறது எப்படி இருக்கும்னு அன்னிக்கிதான் தெரிஞ்சது. அதுல இருந்து கஸ்டமருக்கு ஒரு நிமிஷம் கூட நின்னு பேசறேன், கேரண்டி மட்டும் இன்னும் குடுக்கறதில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணு வருஷம்னு ஆரம்பிச்ச மாத்திரை முடிஞ்சது. இந்த மூணு வருஷம்ங்கறது எங்கிருந்து வந்துச்சுன்னா, அதே பின்லாந்து டாக்டர் தலைமையில 2012ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சி. ஒரு வருஷம் சாப்ட்டவங்களையும் மூணு வருஷம் சாப்ட்டவங்களையும் ஒப்பிட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா மூணு வருஷக்காரங்கள்ல 92 சதவீதம் பேர் உயிரோட, ஒரு வருஷக்காரங்கள்ல 82 சதவீதம். பத்து வருஷத்துல 79க்கு 65. இத படிச்சதும் என் பொண்ணு "ப்பா, 79ப்பா"ன்னு குதிச்சா. எனக்கு மீதி 21தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. அப்புறம் அமெரிக்காவுல அஞ்சு வருஷம் குடுத்துப் பாத்திருக்காங்க, மாத்திரைக்கு கேக்கற வகை உள்ளவங்கள்ல சாப்ட்டுக்கிட்டிருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் திரும்ப வரல, ஆனா பாதிப் பேரு அஞ்சு வருஷம் முடியறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. அந்த பாதிப் பேர பத்தி படிச்சப்போ ராத்திரி கெண்டக்கால் இழுக்கறவனுக்கு ஒரு சொந்தக்காரன் கெடச்ச மாதிரி இருந்துச்சு. பிரான்ஸ்ல ஆறு வருஷம் வரைக்கும் போயிருக்காங்க, திரும்ப வர்றது கொறைஞ்சிருக்கு, ஆயுசு கூடுதான்னு சொல்ல இன்னும் நாளாகுமாம்.

ஆக மொத்தம் மாத்திரை கட்டிய ஒழிச்சுக் கட்டுதா, இல்ல சாப்புடற வரைக்கும் அமுக்கி வெச்சிருக்குதாங்கறதுதான் கேள்வி. நிறுத்துன மொத ரெண்டு மூணு வருஷத்துலதான் திரும்ப வர்றது ஜாஸ்தி. நிறுத்துனா காலு இழுக்காது, கண்ணு வீங்காது, பழைய கருப்பு வந்துரும், மாசச் செலவு மிச்சம், ஆனா ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு பரீட்சை. தொடர்ந்தா இதெல்லாம் அப்படியே. டாக்டர் ரெண்டு பக்கமும் சொல்லிட்டு "முடிவ நீயும் சேந்துதான் எடுக்கணும்"னாரு. எனக்கு உண்மையிலேயே எரிச்சலா வந்துச்சு. காயிலு கட்டறவன்கிட்ட போய் முடிவெடுன்னா? வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து மச்சான் நிறுத்துன்னாரு, பொண்ணு வேணாம்ன்னா, வீட்டுக்காரம்மா மட்டும் ஒண்ணும் சொல்லாம மாத்திரை அட்டைய எண்ணிக்கிட்டு இருந்தா. என்னடின்னேன். "இன்னும் ஒரு அட்ட இருக்குதுங்க, அதுக்குள்ள முடிவு பண்ணா போதும்ல"ன்னா.

தொடர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். ரொம்ப யோசிச்செல்லாம் இல்ல. காலு இழுக்கறத எனக்கு தெரியும், அது கூட மூணு வருஷம் பழகியாச்சு, அந்த ஆறு மில்லிமீட்டர மாத்திரை இல்லாம பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுதான் என்னால ஆகாது. வேற ஒருத்தர் இதே எடத்துல நிறுத்தலாம், அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் திரும்ப பேசிக்கலாம்னு டாக்டர் ஒத்துக்கிட்டாரு.

இன்னொரு முடிவு பாக்கி இருக்கு. கடை ஓனர் கட்டிடத்த இடிச்சு கட்டறாரு, புதுசுல எடம் வேணும்னா அஞ்சு வருஷத்துக்கு அக்ரிமெண்ட், அட்வான்ஸ் ரெண்டு லட்சம்ங்கறாரு. அஞ்சு வருஷம்ங்கற வார்த்தைய அவரு ரொம்ப சாதாரணமா சொன்னாரு, எனக்கு வியாதின்னு தெரிஞ்சவருதான், வேணும்னே சொல்லல, மத்த கடைக்காரங்ககிட்டயும் அதேதான் சொல்லிருக்காரு. நான் யோசிச்சு சொல்றேண்ணான்னு வந்துட்டேன். மொதல்ல மூணு வருஷமா போட்டுக்கலாம்னு கேக்க நெனச்சேன், அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துருச்சு, எனக்கு எதுக்கெடுத்தாலும் மூணு வருஷம்தான் வாய்ல வருது. பொண்ணு படிப்பு முடிய ரெண்டு வருஷம் இருக்கு, கடைப் பையன் நல்லா கட்டறான், நான் இல்லன்னாலும் கடை நடக்கும், நான் இருந்து கடை இல்லன்னாதான் கஷ்டம். திங்கக்கெழம போயி அஞ்சுக்கே ஒத்துக்கிட்டு, அட்வான்ஸ மட்டும் ஒன்னரைக்கு எறக்கப் பாக்கணும்.